சாரக்கம்புப் பல்லக்கு

மூன்றாவது பஸ்ஸும் நிற்கவில்லை. மூலக்குளம் நிறுத்தத்தை நெருங்கியபோது வேகத்தைக் குறைத்த டிரைவர், சக்கர நாற்காலியைப் பார்த்ததும் ஹாரனை ஒரு தரம் அழுத்திவிட்டு மிதித்துக்கொண்டு போனார். பின்படியில் தொங்கிய கண்டக்டர், "பின்னால காலியா வருது" என்று கையைக் காட்டினார். முந்தைய இரண்டு கண்டக்டர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

"எல்லா பஸ்ஸுக்கும் பின்னால ஒரு பஸ்ஸு காலியா வருதாம் மாமா. அந்த பஸ்ஸ மட்டும் இன்னும் நான் கண்ணால பாக்கல" என்றாள் நாற்காலியில் இருந்த கொளஞ்சி.

கமலக்கண்ணன் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறவர். கொளஞ்சிக்கு ஊர் முறையில் மாமன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பக்கத்தில் துர்கா, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, தேய்த்த சேலையில் இருந்தாள். கொளஞ்சியும் அவளும் பல வருடம் சித்தாள் வேலைக்கு ஜோடியாகப் போனவர்கள். துர்காவின் வீட்டுக்காரன் விஜய் பெயிண்டர். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். டைல்ஸ் ஒட்டுகிற ஹாதி முத்தியால்பேட்டையிலிருந்து காலையிலேயே வந்து சேர்ந்திருந்தான். அவனிடமிருந்து அத்தர் வாசனை வந்தது. எல்லாரும் குளித்துத் தலைசீவியிருந்ததால் ஒருவரை ஒருவர் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"நாமதான் தப்பு பண்றோம்" என்றான் ஹாதி. "வண்டிய முன்னாடி காட்டிக்கிட்டு நின்னா எவன் நிறுத்துவான்? அக்காவ டீக்கடைக்குப் பின்னால மறச்சு வைங்க. துர்கா மட்டும் ரோட்டுல நிக்கட்டும்."

"ஆமா, இவளப் பாத்துதான் நிறுத்தப் போறான்" என்றான் விஜய்.

"நீ நிறுத்தினியே, மறந்துட்டியா?" என்றாள் துர்கா. கொளஞ்சி நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அடுத்த பஸ் நின்றது. துர்கா ஒரு காலைப் படியில் வைத்ததும் ஹாதி ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் பம்பரில் கைவைத்துக்கொண்டு நின்றான். விஜயும் கமலக்கண்ணனும் கொளஞ்சியை நாற்காலியோடு தூக்கி உள்ளே ஏற்றினார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். ஹாதி ரொம்ப மரியாதையாகக் கும்பிட்டுக்கொண்டே நின்றான். எல்லாரும் ஏறியாயிற்று என்று துர்கா கத்திய பிறகுதான் கையை எடுத்தான்.

கொளஞ்சி கேட்டதெல்லாம் ஒன்றுதான், தான் மணல் சுமந்த மாடியிலிருந்து ஒரு தரம் கடலைப் பார்க்க வேண்டும். கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் மஞ்சள் சுவர் வைத்த பழைய வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றினார்கள். அந்த வீட்டு மூன்றாம் மாடிக்கு மணலும் செங்கலும் ஏற்றியவள் அவள். அங்கிருந்து கடல் தெரியும் என்று மேஸ்திரி சொல்லுவார், பெயிண்டர்கள் சொல்லுவார்கள். தலையில் சட்டி இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. சட்டியைக் கவிழ்த்தால் கீழே இருந்து குரல் வந்துவிடும். தளம் போட்ட அன்றைக்கு வேலை முடிந்ததும் ஒரு தரம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தாள். அன்றைக்குத்தான் பின்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் தகடு வைத்தார்கள். கான்ட்ராக்டர் முதல் வாரம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. இப்போது அவளால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க முடியும், நடக்க முடியாது.

பொங்கலுக்கு அவளுடைய தம்பி அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். நாற்காலியில் இருந்தவளுக்கு ஜனங்களின் முதுகுதான் தெரிந்தது. முதுகு இல்லாத இடத்தில் சுவர் இருந்தது. "ஊர்ல எவன் எவன் இன்னா கலர்ல பேண்ட்டு போட்டிருக்கான்னு பாத்துட்டு வந்தேன்" என்று வந்து சொன்னாள். அதைக் கேட்டுத்தான் துர்கா இந்த ஏற்பாட்டைச் செய்தாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நாற்காலியை விஜய் தள்ளினான். நடைபாதையில் ஏற முடியவில்லை. ஏறிய இடத்திலும் பைக்குகள் நின்றன. சாலையோரமாகவே போனார்கள். சண்டே மார்க்கெட்டில் துணி மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி நுழைந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது, பிறகு வழிவிட மறந்துவிட்டது. ஒரு வியாபாரி தான் விற்கிற நைட்டிகளை அவள் தலைக்கு மேலாகவே ஆளுக்கு ஆள் வீசிக்கொண்டிருந்தார்.

"கூலிங் கிளாஸ் ஒண்ணு வாங்குடி" என்றாள் கொளஞ்சி.

"உனக்கு எதுக்குக்கா?"

"டூரிஸ்ட்டுனா கண்ணாடி வேணாமா? நாம கல்லு தூக்கிக்கிட்டு இருக்கச்சொல்ல எத்தினி பேரப் பாத்திருக்கோம். கண்ணாடி இல்லாம ஒருத்தனாவது வந்திருக்கானா?"

பெரிய கறுப்புக் கண்ணாடியாகப் பார்த்து எடுத்து மாட்டிக்கொண்டாள். அதைப் போட்டதும் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "டிரைவர், வண்டிய எடு" என்று விஜயிடம் சொன்னாள்.

பெரிய வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் சாக்கடைக் கம்பி மூடிக்குள் முன்சக்கரம் இறங்கியது. விஜய் இழுத்தான். ஹாதி தூக்கினான். டக்கென்று ஒரு சத்தம். நாற்காலி வந்துவிட்டது, சக்கரம் கம்பிக்குள்ளேயே நின்றுவிட்டது. விஜய் குனிந்து அதைப் பிடுங்கி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். அரசு முகாமில் இலவசமாகக் கொடுத்த நாற்காலி. சக்கரத்தின் நடுவில் இருந்தது இரும்பில்லை, பிளாஸ்டிக்.

வெயில் ஏறியிருந்தது. கொளஞ்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"சரி விடு. வாய்க்கால் வரைக்கும் பாத்தாச்சு. இதுவும் தண்ணிதான்" என்றாள்.

கமலக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். "எவனும் நகராதீங்க. தோ வரேன்."

அந்தத் தெருவிலேயே ஒரு பழைய வீட்டுக்கு அவர் ஒரு வாரமாகச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த நீளமான சவுக்குக் கம்புகள் இரண்டும், குறுக்குக் கட்டைகளும், ஒரு சுருள் கயிறும் தோளில் வந்தன. டீக்கடைக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டார். கடைக்காரர் யோசித்தார். "இத வச்சுக்கோ. இது கவர்மெண்டு நாற்காலி, உன்னுத விட ஒசத்தி" என்று உடைந்த வண்டியைக் கடை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஹாதி ஒரு சிவப்பு நாற்காலியை எடுத்துவந்தான்.

கமலக்கண்ணன் கட்ட ஆரம்பித்துவிட்டால் வேறு எதையும் பார்க்கமாட்டார். நாற்காலியைக் கம்புகளுக்கு நடுவில் வைத்து, கீழே குறுக்குக் கட்டை கொடுத்து, மூலைக்கு மூலை கயிற்றை இறுக்கி, காலால் உதைத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினார். கொளஞ்சியை உட்காரவைத்ததும் வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. திரும்பவும் ஓடிப்போய் இரண்டு மூங்கில் தப்பைகளும் கட்டடத்தைச் சுற்றிக் கட்டுகிற பச்சை வலையும் கொண்டுவந்தார். தப்பைகளை வளைத்து அவள் தலைக்கு மேல் கட்டி, வலையைப் போர்த்தி, நான்கு பக்கமும் முடிந்தார். துர்கா வாங்கிவைத்திருந்த கனகாம்பரத்தில் பாதியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு மீதியை வளைவில் சுற்றினாள்.

"பின்னால ஒரு ஆளு கொறையுதே" என்றார் கமலக்கண்ணன். "நானு, ஹாதி, விஜய்..."

"நான் இன்னா விருந்தாளியா?" துர்கா விஜயின் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சும்மாடாகச் சுருட்டித் தன் தோளில் வைத்தாள். உயரம் சரியாயிற்று. "காங்கிரீட்டு அன்னிக்கு ஏத்தின சட்டிய எல்லாம் சேத்தா பத்து கொளஞ்சி வருவா. தூக்கு."

தூக்கினார்கள். இரண்டு அடியிலேயே நான்கு பேரின் காலும் ஒன்றாக விழ ஆரம்பித்தது. மேலே கொளஞ்சி, "அய்யோ மாமா, அய்யோ மாமா" என்று நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டாள். அவள் உயரத்துக்கு முதல் மாடி ஜன்னல்கள் வந்தன. காகிதப்பூ வந்தது.

தெரு திரும்பியதும் எதிரே வந்த ஸ்கூட்டர் நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கூப்பினார். ஒரு பழச்சாறு கடையில் பாட்டை நிறுத்தினார்கள். பெட்டிக்கடை அம்மாள் அவசரமாகப் பாதிக் கதவைச் சாத்தினாள். வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"இன்னா மாமா, எல்லாரும் நமக்கு இம்மா மரியாதை குடுக்குறாங்க?" என்றான் விஜய்.

அப்போது சந்திலிருந்து சட்டைப் பட்டன் போடாத ஒருவன் தள்ளாடிக்கொண்டு வந்தான். இவர்களைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. லுங்கியைத் தூக்கிக் கட்டினான். இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்துவிட்டு, கொட்டு இல்லாமலே, பல்லக்குக்கு முன்னால் சாவுக்கூத்து ஆட ஆரம்பித்தான்.

கமலக்கண்ணன் அப்போதுதான் தலையைத் திருப்பித் தான் கட்டியதை முழுசாகப் பார்த்தார். இரண்டு கம்பு, நாலு ஆள், வளைந்த மூங்கில், பூ.

"அடப்பாவி" என்றார் மெதுவாக. "பாடையால்ல கட்டிட்டேன்."

துர்காவுக்குச் சிரிப்பில் கால் மடங்கியது. பல்லக்கின் பின்பக்கம் சாய்ந்தது. "கீழ போட்றாதடி!" என்று விஜய் கத்தினான். ஹாதி ரொம்ப அக்கறையாக, "பொணத்தத் தூக்குற எங்க சந்தூக்குலகூட யாரையும் உக்கார வச்சுத் தூக்கமாட்டோம்க்கா" என்றான். உள்ளே இருந்து ஒரு கை வலையை விலக்கியது. கறுப்புக் கண்ணாடி போட்ட முகம் வெளியே வந்தது.

"டேய்! நான் இன்னும் சாவலடா!"

ஆடியவன் அப்படியே நின்றான். வாய் திறந்தபடி இருந்தது. ஸ்கூட்டர்காரர் கூப்பிய கையைப் பிரித்தார்.

"நிறுத்தாத, ஆடு" என்றாள் கொளஞ்சி. "அப்ப என்னால பாக்க முடியாது. இப்பவே ஆடிட்டுப் போ."

அவன் ஆடினான். பழச்சாறு கடைக்காரர் பாட்டை இன்னும் சத்தமாக வைத்தார். வெள்ளைக்காரர்கள் போனை நீட்டினார்கள். கொளஞ்சி அவர்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

மஞ்சள் ஓட்டல் வாசலில் காவலாளி மண்ணாங்கட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கட்டடத்தில் கலவை போட்டவர். வேலை முடிந்ததும் வயசைப் பார்த்து அவரையே காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். ஊர்வலம் வாசலை நோக்கித் திரும்புவதைப் பார்த்ததும் அவர் எழுந்து தொப்பியைக் கழற்றி ஓரமாக ஒதுங்கினார்.

"தொப்பிய மாட்டு பெரியப்பா. நான்தான்."

"கொளஞ்சியா?" அவர் கிட்ட வந்து வலைக்குள் எட்டிப் பார்த்தார். "யார்ரா கட்டுனது இத? நெஞ்சு நின்னுடும் போல இருந்துது."

"இன்னா பெரியப்பா, சட்டையில மணின்னு போட்டிருக்கு?" துர்கா அவருடைய பேட்ஜைத் தொட்டாள்.

"கெஸ்ட்டுங்க வாயில நொழையலியாம். அவுங்களே வச்சுட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னாத்துக்கு வந்தீங்க?"

"காப்பி குடிக்க" என்றாள் கொளஞ்சி. "மேல."

மண்ணாங்கட்டி வாசல் படிகளைப் பார்த்தார், பிறகு கண்ணாடிக் கதவைப் பார்த்தார். மேலே உணவகம் எல்லாருக்கும் உண்டு என்று தெருவிலேயே பலகை வைத்திருந்தார்கள். அவர் உள்ளே போய் மேனேஜரோடு வந்தார். மேனேஜர் சின்ன வயசுக்காரர், சிரித்த முகம்.

"தாராளமா வரலாம் மேடம், வெல்கம்" என்றார். "லிஃப்ட்டு மட்டும், ரூம் எடுத்தவங்களுக்கும் டேபிள் புக் பண்ணவங்களுக்கும். அதுல இந்தக் கம்பெல்லாம் நுழையாது. லாபியில இப்ப கெஸ்ட் வேற நிறைய பேர்..."

"கம்ப கழட்டிட்டா?" என்றார் கமலக்கண்ணன்.

மேனேஜர் சிரிப்பை மாற்றவில்லை. "பின்பக்கம் சர்வீஸ் படி இருக்கு. அதுல வேணும்னா ஏறிக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அது எங்களுக்குத் தெரியும் சார்" என்றாள் கொளஞ்சி.

பின்படி குறுகலானது. கம்புகளை அவிழ்த்துச் சுவரோரம் சாத்தினார்கள். நாற்காலியை இரண்டு பேர் மேலிருந்தும் இரண்டு பேர் கீழிருந்தும் பிடித்தார்கள். முதல் திருப்பத்திலேயே ஹாதியின் தோள் சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டியது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

"கை மாத்து போடு மாமா" என்றாள் துர்கா. "காங்கிரீட்டு மாதிரி. நிக்கிறவன் நிக்கணும், சட்டி மட்டும் போவணும்."

சமையல்கட்டுக் கதவு திறந்து ஏப்ரன் கட்டிய இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அறைகளுக்குப் படுக்கை விரிக்கிற பெண்கள் மேல்படியில் வந்து நின்றார்கள். கமலக்கண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. "இப்பிடி நில்லு, நீ அந்தாண்ட நில்லு" என்று கையைக் காட்டினார். சொன்ன இடத்தில் நின்றார்கள். படிக்கு இரண்டு பேராக வரிசை மேலே போயிற்று.

"ஏய், வருது!"

"வரட்டும்!"

"புடிச்சியா?"

"புடிச்சாச்சு, வுடு!"

கொளஞ்சி கைக்குக் கை ஏறினாள். நாற்காலியைக் கடைசியாகப் பிடித்தவர்கள் கைமாற்றிவிட்டு, நாற்காலிக்கு அடியில் குனிந்து நுழைந்து மேலே ஓடி மறுபடி வரிசையில் நின்றார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள், "இரு, இரு" என்றாள். நிறுத்தினார்கள். அவள் சுவரோரம் கையை நீட்டிப் பளபளப்பான கம்பியைத் தொட்டாள்.

"கைப்பிடி போட்டுட்டாங்க."

அவள் விழுந்த அன்றைக்கு அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

"நல்லா இருக்குது. ஏத்துங்க."

மாடியில் கடல் பக்கத்து மேசைகளில் எல்லாம் முன்பதிவு அட்டை வைத்திருந்தது. இவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேசையைக் காட்டினார்கள். துர்கா விலைப்பட்டியலைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒரு காப்பி" என்றாள் பரிமாறுகிறவனிடம். "அஞ்சு டம்ளர்."

அவன் சிரிக்காமல் குறித்துக்கொண்டான். கூட நின்று நாற்காலியைத் தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

லிஃப்ட் கதவு திறந்தது. கடலில் குளித்துவிட்டு நேராக வந்த ஐந்தாறு பேர், அரைக்கால் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, காலெல்லாம் மணலோடு, அட்டை வைத்த மேசைகளைப் பார்த்துப் போனார்கள். வெள்ளைத் தரையில் அவர்களுடைய தடம் ஈரமாக நீண்டது.

கொளஞ்சி காப்பிக்குக் காத்திருக்கவில்லை. "என்னைச் சுவத்தாண்ட வுடுங்க" என்றாள். துர்காவும் விஜயும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நிறுத்தினார்கள். கைப்பிடிச் சுவர் மார்புக்குக் கீழே நின்றது. இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக்கொண்டு கண்ணாடியைத் தலைக்கு ஏற்றினாள்.

கீழே மரங்களின் தலை தெரிந்தது. அதற்கப்பால் சாலை, கறுப்புப் பாறைகள். அதற்கப்பால் ஒன்றுமில்லை, கடல்தான். இரண்டு படகுகள் நகராமல் நகர்ந்துகொண்டிருந்தன. காற்று அவள் சேலையைப் பின்னால் இழுத்தது.

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"எப்பிடிக்கா?" என்றான் ஹாதி.

"இம்மாந்தானா?" என்றாள் கொளஞ்சி. "மழைக்கு ஊசுட்டேரி ரொம்பினா இப்பிடித்தான இருக்கும். இதுக்கா என்னப் பாடையில தூக்கிட்டு வந்தீங்க?"

விஜய் தலையில் அடித்துக்கொண்டான். கமலக்கண்ணன், "போடி, உன்னை இங்கயே வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

ஆனால் அவள் திரும்பவில்லை. காப்பி வந்தது. ஆறியது. துர்கா அவளுடைய பங்கைச் சுவர்மேல் கொண்டுபோய் வைத்தாள். அவள் அதை எடுத்துக் குடித்ததுகூடத் தெரியாமல் குடித்தாள். கால் நடுங்க ஆரம்பித்தும் நின்றாள். "உக்காருக்கா" என்று துர்கா சொன்னபோது, "இரு, அந்தப் படகு அந்த மரத்தத் தாண்டட்டும்" என்றாள். தாண்டியதும் அடுத்த படகைக் காட்டினாள்.

அந்த நேரத்தில் மேனேஜர் மேலே வந்தார். தொட்டிக்கு அந்தப் பக்கம் மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டு நிறுத்தி, பின்படியைக் காட்டி, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மண்ணாங்கட்டி தலையாட்டினார். பிறகு இருவருமே போய்விட்டார்கள்.

இறங்கும்போது கொளஞ்சி நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் அந்தப் படிகளை மேலிருந்து பார்ப்பது இப்போதுதான். கமலக்கண்ணன் அதைக் கவனித்து நாற்காலியைத் திருப்பினார். "கீழ பாக்காத. மேல பாத்துக்கிட்டே வா. நாங்க இருக்கோம்." நாற்காலி பின்பக்கமாக இறங்கியது. வரிசை மறுபடி நின்றது. சத்தமும் வந்தது.

"வருது!"

"வரட்டும், வரட்டும்!"

"இன்னா கனம்! காப்பி அவ்வளவும் இவளே குடிச்சுட்டா போல!"

கொளஞ்சியும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். முதல் திருப்பத்தில் சிரிப்பு நின்றது. மற்றவர்கள் கீழே பார்த்து இறங்கிக்கொண்டிருந்ததால் அவளுக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

மேல்படியில் மண்ணாங்கட்டி நின்றார். தொப்பி இல்லை. சீருடைக் கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டியிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. பினாயில் வாடை படிவழியாக இறங்கிவந்தது. அவர் தரை துடைக்கும் மாப்பை முக்கிப் பிழிந்து, அவர்கள் விட்டுவந்த படியை மூலைக்கு மூலை துடைத்தார். கைப்பிடிக் கம்பியை ஒரு துணியால் துடைத்தார். பிறகு நிமிர்ந்து, அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்காலி இன்னொரு படி இறங்கியது. அவர் வாளியைத் தூக்கி ஒரு படி கீழே வைத்தார்.